அண்டுக்கு முன்னால் ஒரு கமா

ஆங்கிலத்தில் 'அண்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா போட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் என் விரல் முட்டியில் மர ஸ்கேல் விழுந்தது. போடாமல் விட்டதற்காகப் பிறகு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் என் தாள் முழுக்கச் சிவப்பு வட்டம் விழுந்தது. அந்த இரண்டையும் எப்படியோ தாங்கிக்கொண்டேன். மூன்றாவது அதிர்ச்சி கும்மிடிப்பூண்டியில், ஓர் இரும்புக் கம்பெனி வாசலில், மைதா பசை போட்டு ஒட்டிய ஒரு தாளில் காத்திருந்தது. அதை இன்னும் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் வகுப்பில் ஆங்கிலம் என்றால் விதிகள்தான். வாத்தியார் கரும்பலகையில் மா, பலா, வாழை என்று ஆங்கிலத்தில் வரிசையாக எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கமா. கடைசிப் பழத்துக்கு முன்னால் 'அண்ட்'. அங்கே கமா கிடையாது. "அண்டே ஒரு கொக்கி. கொக்கிக்கு எதுக்குடி இன்னொரு கொக்கி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தமிழில் எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அம்மாவும் அண்ணனும் என்றால் போதும். சேர்க்கிற ஓசை சொல்லுக்குள்ளேயே கரைந்துவிடும். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் சேர்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்கு முன்னால் கமா கூடாது. பழ வரிசைக்குச் சொன்ன விதியை நாங்கள் எல்லா வாக்கியத்துக்கும் எடுத்துக்கொண்டோம். ஊர் முழுக்க அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்கேல் விழுந்த விரல் விதியை மறக்காது.

பிறகு திருவள்ளூருக்குப் பக்கத்தில் மணவாள நகரில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். இன்ஸ்டிட்யூட் ஒரு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. பத்துப் பன்னிரண்டு மிஷின்கள் ஒன்றாக அடிக்கும்போது ஆலங்கட்டி மழை மாதிரி இருக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மிஸ் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொண்டையில் செருகி வைத்திருப்பார். அச்சுப் புத்தகத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நான் அடித்தேன். அச்சில் 'அண்ட்'டுக்கு முன்னால் கமா இருந்த இடங்களில் எல்லாம் அச்சடித்தவன் தவறு செய்துவிட்டான் என்று நினைத்து, பெருந்தன்மையோடு அதை விட்டுவிட்டு அடித்தேன். கேட்டால், பக்கத்து மிஷின் பெண்ணும் அதையே செய்திருந்தாள். அதற்கடுத்தவளும்.

மிஸ் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, தாள்கள் முழுக்கச் சிவப்பு வட்டம் போட்டார்.

"இன்னாம்மா இது. புக்கையே திருத்துறீங்களா? லண்டன்ல அச்சடிச்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அண்டுக்கு முன்னாடி கமா வராது மிஸ்."

"யாரு சொன்னா?"

மொத்த அறையும் விரல் முட்டியைத் தடவிக்கொண்டது.

மிஸ் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். ஐ மெட் யுவர் ஃபாதர் அண்ட் யுவர் மதர் வாஸ் குக்கிங். "படி" என்றார். படித்தேன். உங்க அப்பாவையும் அம்மாவையும் பார்த்தேன் என்று மனசு ஓடி, 'வாஸ் குக்கிங்'கில் போய் முட்டிக்கொண்டு நின்றது. "யாரு சமைச்சிக்கினு இருந்தாங்க?" என்றார். "ரெண்டு பேரையும் ஒரே இழுப்புல இழுத்துக்கினு போயிட்ட. பின்னாடி பாதிக்குச் சொந்தமா ஓர் ஆளும் வேலையும் இருந்தா அண்டுக்கு முன்னாடி கமா போடணும். பட்டு, ஆரு, சோன்னு மத்த கொக்கிங்க எல்லாத்துக்கும் அப்படியேதான். அந்தப் பாதிக்குத் தனி ஆள் இல்லாம முன்ன வந்தவனே ரெண்டாவது வேலையும் பண்ணான்னா, கமா வேணாம். இவ்ளோதான். கமா போட்டா அப்பா அங்க, அம்மா இங்க. போடலன்னா ரெண்டு பேரும் ஒரே பாயில."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு விதி பொய்யானால் தலைக்குமேல் கூரையின் ஓர் ஓடு நகர்ந்த மாதிரி இருக்கும். அன்று எனக்கு அப்படி இருந்தது. பஸ்ஸில் சித்தி வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கடைப் பலகைகளில் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்தேன்.

டைப்ரைட்டிங் முடித்துக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பனையும் சவுக்கும் நின்ற மண்ணில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். காலையில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக் காற்று வரும். பகலில் இரும்புத் தூள் காற்று. கொடியில் காயப் போட்ட வெள்ளைப் புடவை சாயங்காலம் பழுப்பாகத் திரும்பி வரும்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான். சம்பாதிப்பவன் அண்ணன் மட்டும். இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக நீட்டும் ஒரு மில்லில் ஹெல்ப்பர் வேலை. பத்தாவது தேறியவன், ஹெல்ப்பர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எங்கள் ஓட்டு வீட்டு வரிசையில் அடுத்த வீட்டில் பர்னஸ் மேஸ்திரி இருந்தார். உலையைத் திறந்து மூடும் ஆட்களுக்குத் தலைவர். ஏரியில் வலை போடும் குடும்பத்தில் பிறந்து தண்ணீரை விட்டு நெருப்புக்கு வந்தவர். நாங்கள் அவரை மாமா என்போம். அவர் அண்ணனை மாப்ளே என்பார். அவர் வீட்டு மீன் குழம்பு எங்கள் சோற்றுக்கு வரும். எங்கள் வீட்டுக் கீரை அவர் வீட்டுக்குப் போகும்.

ஒருநாள் உலையிலிருந்து வந்த செங்கம்பி ஒன்று பாதை விட்டுத் துள்ளி, ஒரு பர்னஸ்காரரின் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டது. அண்ணன்தான் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனான். மறுநாள் மாமாவும் மற்ற பர்னஸ்காரர்களும் உலைக் கதவை மூடிவிட்டார்கள். கைக்கு உறையும் காலுக்குத் தோல் காப்பும் கொடுத்தால்தான் திறப்போம் என்றார்கள். அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் மட்டும்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். எல்லோரும் அண்ணனை முன்னால் தள்ளி, "படிடா" என்றார்களாம். அண்ணன் படித்தானாம். த மேனேஜ்மென்ட் ஹாஸ் டிஸ்மிஸ்ட் த பர்னஸ் மென் அண்ட் த ஹெல்ப்பர்ஸ். அங்கே நிறுத்தித் தமிழிலும் சொன்னானாம்: பர்னஸ்காரங்களையும் ஹெல்ப்பர்களையும் வேலையை விட்டு எடுத்தாச்சு.

ஒரு ஹெல்ப்பர் தன் செருப்பைக் கழற்றி, அதிலிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டாராம். அவ்வளவுதான். பிறகு எல்லோரும் ஒன்றாக நடந்து வந்திருக்கிறார்கள்.

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. "ஹெல்ப்பரு இன்னாடா பண்ணான்? அவன் கதவைக்கூடத் தொடலியே" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை மில்லுக்கு அனுப்பினாள். சனிக்கிழமை குழப்பத்தில் அண்ணன் சோற்றுத் தூக்கை டைம் ஆபீசில் விட்டுவிட்டான். வாட்ச்மேன் தூக்கைத் தேடப் போன நேரத்தில் நோட்டீசைப் படித்தேன்.

முதல் வரி அண்ணன் சொன்னது போலத்தான் இருந்தது. ஹெல்ப்பர்ஸ் என்ற சொல்லோடு தாளின் விளிம்பு வந்துவிட்டது. ஆனால் அங்கே புள்ளி இல்லை. வாக்கியம் முடியவில்லை. அடுத்த வரி: வில் ரிப்போர்ட் ஃபார் டியூட்டி ஆன் மண்டே. அதற்கும் கீழே, வராதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கொள்ளப்படும் என்று இன்னொரு வாக்கியம்.

வரியை விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தேன். பர்னஸ்காரர்களை எடுத்தாகிவிட்டது, ஹெல்ப்பர்கள் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். இதுதான் செய்தி. அப்பா அங்கே, அம்மா இங்கே. நடுவில் ஒரு கமா இருந்திருந்தால் படிப்பவன் நாக்கு தானாக அங்கே நின்றிருக்கும். நோட்டீசை டைப் அடித்தவனும் எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒன்றில்தான் படித்திருப்பான். அவன் விரலிலும் ஸ்கேல் விழுந்திருக்கும். எள்ளளவு மை. அது இல்லாததால் ஒரு தெருவே நேற்றிரவு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்திருந்தது.

வாட்ச்மேன் தூக்கைக் கொடுத்ததும் ஓடினேன். தூக்குக்குள் பழைய சோறு புளித்துக் குலுங்கியது.

"அம்மா, அண்ணனுக்கு வேலை போகல. கமா இல்லாம போயிடுச்சு, அவ்ளோதான்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"கமாவா? யாருடி அவ? எந்தத் தெரு?"

"பொண்ணு இல்லம்மா. புள்ளி. வால் வெச்ச புள்ளி."

"புள்ளியாலயா புள்ளைக்கு வேல போச்சு?"

"போகலம்மா. அதான் சொல்றேன்."

"போகல, ஆனா அவ எங்கியோ போயிட்டா. இன்னாடி பேஜாரு இது. அவன்கிட்டயே சொல்லு, போ."

அண்ணன் வீட்டுக்குப் பின்னால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பெடலைச் சுற்றிச் சுற்றி விட்டான். பின்சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அண்ணா, உன்ன டிஸ்மிஸ் பண்ணல. ரெண்டாவது வரி இருக்குது."

"தெரியும்."

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் அந்தச் சொல் காதில் விழவே இல்லை. விழுந்த பிறகு, அது அவன் குரல்தானா என்று அவன் வாயைப் பார்த்தேன்.

"இன்னா தெரியும்?"

"நான்தானே படிச்சேன். கண்ணு ரெண்டாவது வரிக்குப் போவாமலா இருக்கும்? வாயத்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"கமா இருக்குதா அதுல?"

"இல்ல. அதான் தப்பு. ஹெல்ப்பர்ஸ் பின்னாடி பாதிக்குச் சொந்தம், அவங்களப் பிரிச்சு..."

"எழுதினவனே பிரிக்கல. பர்னஸ்காரங்களையும் எங்களையும் ஒண்ணா நிக்க வெச்சிருக்கான். நீ எதுக்குப் பிரிக்கிற?"

"வில் ரிப்போர்ட்டு அநாதையா நிக்குதேண்ணா."

"நிக்கட்டும்."

நான் படித்த இலக்கணம் என் வாயிலேயே காய்ந்துபோனது. "மத்த ஹெல்ப்பருங்க? அவங்க ஊட்லயும் அடுப்பு எரியணும்ல?" என்றேன்.

அப்போதுதான் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"எவனுக்கும் வேல போவாது. நாளைக்குக் காலைல எல்லாரும் கணக்கு முடிச்சுக் குடுன்னு கேக்க மில்லு கேட்டாண்ட வருவாங்க. வந்தாலே டியூட்டிக்கு வந்த மாதிரிதான். ஆனா நேத்து ரெண்டாவது வரியப் படிச்சிருந்தேன்னா அங்கியே ரெண்டா கிழிஞ்சிருப்போம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்ப்பரு இல்லாம மில்லு ஓடாது. எல்லாரும் ஒண்ணா வெளிய நின்னா பர்னஸ்காரங்களையும் சேத்து உள்ள கூப்ட்டுதான் ஆவணும். அந்த அண்டு இருக்குது பாரு, அத நான் பிடிச்சிக்கினு இருக்கேன். வுட்டுடு."

"அம்மாகிட்ட இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத."

அன்று நான் புரிந்துகொண்டது எனக்கே பிடிக்கவில்லை. நான் ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்டு ஓடி வந்தேன். அவன் அந்தத் தவறுக்குள் குடியேறிவிட்டிருந்தான்.

திங்கட்கிழமை காலையில் கழுவிய தூக்கில் சோறு போட்டு, அண்ணனுக்குக் கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். கேட்டுக்கு வெளியே ஹெல்ப்பர்கள் கூட்டமாக நின்றார்கள். எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில் மாமாவும் பர்னஸ்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கு ஊதியது. யாரும் நகரவில்லை.

ஆபீசர் வந்தார். மதராசிலிருந்து காரில் வருபவர். சட்டைப் பையில் மை ஊற்றும் பேனா. கோபக்காரர் இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"என்ன, உள்ள வரல?"

"எங்களத்தான் எடுத்துட்டீங்களே சார்" என்றார் வயதான ஒரு ஹெல்ப்பர். "கணக்கு முடிச்சுக் குடுத்தா போயிடறோம்."

"உங்கள யாரு எடுத்தது?"

"நோட்டீசு போட்டிருக்குது சார்."

ஆபீசர் நோட்டீஸ் பலகைக்குப் போனார். படித்தார். மறுபடி படித்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்தார், மூடியைப் பல்லில் கடித்துத் திறந்தார், 'அண்ட்'டுக்கு முன்னால் ஒரு கமா போட்டார். பேனா அதிக மை கக்கியதால் அது கொஞ்சம் பெரிதாக, தலைப்பிரட்டை மாதிரி விழுந்தது.

"சனிக்கிழமை யாரு படிச்சது?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"இப்பப் படி. கமாவுல நிறுத்திப் படி."

அண்ணன் பலகையிடம் போனான். படித்துவிட்டால் முடிந்தது. அவன் படிப்பான், உள்ளே போவான், அம்மா சாப்பிடுவாள். படிக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் வலது கைக் கட்டைவிரலை எடுத்து ஈரமான கமாவின்மேல் வைத்தான். வைத்து இழுத்தான். நீலக் கறை தாளில் நீண்டது. நடுவில் அவன் விரல் ரேகை தெரிந்தது. படிக்கத் தெரியாத பர்னஸ்காரர்கள் சம்பளத் தாளில் வைக்கிற கைநாட்டு மாதிரியே இருந்தது.

பிறகு படித்தான். த மேனேஜ்மென்ட் ஹாஸ் டிஸ்மிஸ்ட் த பர்னஸ் மென் அண்ட் த ஹெல்ப்பர்ஸ். வரி முடிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டான்.

"என்னடா பண்ண நீ?" என்றார் ஆபீசர், உண்மையிலேயே ஆச்சரியத்தோடு.

"நான் படிச்ச ஸ்கூல்ல அண்டுக்கு முன்னாடி கமா வராது சார்."

கூட்டத்தில் இரண்டு பேர் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கும் அதே விதிதான். ஆபீசரும் சிரிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் பேனாவை மூடினார். உள்ளே ஆளனுப்பினார். கொஞ்ச நேரத்தில் புதிதாக அடித்த தாள் வந்தது. இந்த முறை கமா மிஷினால் விழுந்திருந்தது. மை காய்ந்த, சின்ன, கறாரான கமா. பழைய தாளின்மேல் அதை ஒட்டினார்கள். இப்போது ஆபீசரே உரக்கப் படித்துத் தமிழிலும் சொன்னார். ஹெல்ப்பர்ஸ் உள்ள வரலாம். பிறகு அண்ணனைப் பார்த்து, "உனக்குத்தான் கமா பிடிக்கலியே. நீ அவங்களோடயே இரு" என்றார்.

கேட் திறந்தது.

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு வயதானவர் போனார். அவருக்கு வீட்டில் ஏழெட்டு வாய்கள். அவர் போனதும் மற்றவர்கள் போனார்கள். சிலர் அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் தொடாமல், அவன் நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். நான் அவர்களைத் திட்ட நினைத்தேன். நேற்று மதியம் அண்ணனிடம் நான் கேட்டதைத்தான் அவர்கள் இப்போது செய்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்தான். நான் பின்னாலேயே போனேன். மாமா எழுந்தார். கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணனின் பிடரியில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"அறிவு கீதாடா உனக்கு? ஊட்ல ரெண்டு பொம்பளைங்க உன்ன நம்பிக்கினு இருக்காங்க. என்னை எடுத்துட்டான், நான் போறேன், ஏரி இருக்குது, வலை இருக்குது. உனக்கு இன்னாடா இருக்குது? யாரு கேட்டா உன்ன? போ, போய் அந்தாளு கால்ல வுழு."

அண்ணன் நீல விரலைச் சட்டையில் துடைத்தான். சட்டையும் நீலமானது.

"போடான்றேன்."

"போவ மாட்டேன் மாமா."

மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்கள் உலைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கே உரிய சிவப்பு. இப்போது அதற்குமேலும் சிவந்திருந்தன.

"நீ படிச்ச பொண்ணுதான? நீயாவது சொல்லக் கூடாதா இந்தப் பைத்தியத்துக்கு?"

தூக்கை அண்ணனிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல.

மாமா பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். யாரிடமும் பேசாமல், அண்ணனைப் பார்க்காமல், இடது பக்கம் நகர்ந்தார். அவர் நகர்ந்ததும் அடுத்தவர் நகர்ந்தார், அதற்கடுத்தவரும். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் வந்தது.

"உக்காரு. இன்னும் ஒரு டீ போடுய்யா" என்றார் கடைக்காரரிடம், கோபம் கொஞ்சமும் குறையாத குரலில்.

அண்ணன் உட்கார்ந்தான். மில்லுக்குள் உருளைகள் ஓடத் தொடங்கிய ஓசை கேட்டது. அம்மா இந்நேரம் வாசலுக்கு வந்திருப்பாள். நான் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தேன். அவளிடம் சொல்ல முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.